குகனின் பெயரில் வந்த விமானம்

பிள்ளை வதனி,

நீயும் அம்மாவும் கிளாலியில் படகேறிப் பதினெட்டு நாளாகிவிட்டது. கொழும்பு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று சேதி வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஊரை விட்டு வெளியேறுகிற பாஸ் உங்கள் இரண்டு பேருக்கும்தான் கிடைத்தது. உன் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் நான் இங்கே உடுவிலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நிற்பேன். அதை நினைத்து நீ கலங்க வேண்டாம். நான் பக்கத்தில் நின்றிருந்தாலும், நெற்றியில் திருநீறு பூசி விடுவதைத் தவிர வேறொன்றும் சொல்லியிருக்க மாட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியவை வாய்க்கு வருவதில்லை. இருபத்தேழு வருடம் உபதபால் அதிபராக இருந்து ஊரார் கடிதங்களை எல்லாம் கையில் எடுத்தவன், சொந்த மகளுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவது இதுதான் முதல் தடவை. நாளை கொழும்புக்குப் போகிற ஒருவர் இதைக் கொண்டு வருகிறார். ஆறுதலாக இருந்து படி.

அந்த விமானத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நம் வீட்டில் ஏழு வருடமாக யாரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அது வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது, குகனுக்குப் பதினாறு. ஜேர்மனியிலிருந்து லீவில் வந்த ஒருவரிடம் உன் சித்தப்பா ஒரு நீளப் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். மேலே கொட்டை எழுத்தில் குகனின் பெயர். உனக்கு ஒரு பெட்டி சொக்கிலேற்றும் இரண்டு ரிப்பனும். மேலே யார் பெயர் எழுதியிருக்கிறதோ பொருள் அவருக்கு. என் வேலையில் ஒருநாளும் நான் பிசகாத விதி இது. வீட்டிலும் அப்படியே நடந்துகொண்டேன். குகனைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தேன். சாவி கொடுத்தால் பறக்கிற பொம்மை என்று நினைத்து அவன் ஆசையாகத் திறந்தான். உள்ளே ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் செய்த இறக்கைகள், முருங்கைத் தடியிலும் லேசான மரத்துண்டுகள், வயர்கள், கடுகளவு ஆணிகள், ஒரு மேசையை மூடுகிற அளவு வரைபடம், ஜேர்மன் மொழியில் ஒரு புத்தகம். இரண்டு நாள் புரட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் வொலிபோல் விளையாடப் போய்விட்டான்.

நீதான் பாயை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாய். சித்தப்பா பெட்டிக்குள் நான்கு பக்கக் கடிதம் ஒன்று வைத்திருந்தார். எந்தப் பாகம் எது, என்ன வேலை செய்யும் என்று படம் கீறி எழுதியிருந்தார். மடித்த இடம் கிழியும்வரை நீ அதைப் படித்தாய். நான் தபால் கந்தோரிலிருந்து பின்னேரத் தேத்தண்ணிக்கு வந்தபோது பாய் நிறையச் சாமான்.

"ஏன் உதை நோண்டுறாய்? அது அண்ணையின்ரை சாமான்."

"நோண்டேல்லை அப்பா. எது எது எண்டு பாக்கிறன். ஒட்டுறதுக்கு முதல் எல்லாத்தையும் தெரிஞ்சுகொள்ளச் சொல்லிச் சித்தப்பா எழுதியிருக்கிறார்."

அதன் பிறகு என்னை இருத்தி எனக்கும் சொல்லித் தந்தாய். மீசை நரைத்த மனிதன் நான், பாயில் சப்பாணி கட்டிக்கொண்டு உன் வாயைப் பார்த்தேன். இரண்டு தடிகளும் நீட்டி மடக்கும் ஏரியலும் உள்ள பெட்டியைத் தூக்கிக் காட்டினாய். அதற்கு நீ வைத்த பெயர் அனுப்பி. விமானத்துக்குள் இருக்கும் தீப்பெட்டி அளவுச் சாமானின் பெயர் வாங்கி.

"உங்கடை கந்தோர் மாதிரித்தான் அப்பா. இவர் அனுப்புவார், இவர் வாங்குவார். இந்தச் சின்னத் துண்டு இருக்கெல்லே, கிறிஸ்டல், இதுதான் விலாசம். இரண்டிலையும் ஒரே நம்பர் பாருங்கோ. வேறை நம்பருக்கு வாற கடிதத்தை இவர் திறக்க மாட்டார்."

"வாங்கின கடிதத்தை ஆருக்குக் குடுப்பார்?"

"இந்த இரண்டு குட்டி மோட்டாருக்கும், சேர்வோ எண்டு பேர். இவையளுக்கு ஒவ்வொரு கை இருக்குது. கையிலை கம்பி கொழுவி வாலுக்குக் கொண்டுபோறது. ஒரு கம்பி சுக்கானைத் திருப்பும், விமானம் இடம் வலம் போகும். மற்றக் கம்பி வால் தட்டை உயர்த்தும், அப்ப மூக்கு மேலை எழும்பும்."

மோட்டார், காற்றாடி, ஏழு பற்றரிகளைச் சேர்த்துக் கட்டிய சிவப்புக் கட்டு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாய். ஒரு கொப்பியில் ஒவ்வொரு பாகத்தையும் கீறி, நீ வைத்த தமிழ்ப் பெயரைப் பக்கத்தில் எழுதியிருந்தாய். எனக்கு விளங்கியது என்று உனக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எழும்பும்போது நான் சொன்னது, "எல்லாத்தையும் கவனமாய்ப் பெட்டியிலை வைச்சு அண்ணையிட்டைக் குடு" என்பதுதான்.

நல்லவேளை, குகன் என்னைவிடப் பெரிய மனம் உள்ளவன். "நீயே செய்யடி, பறக்க விடேக்கை மட்டும் என்னைக் கூப்பிடு" என்றானாம். நீ இரண்டு மாதம் அதோடு கிடந்தாய். நானும் உதவி செய்கிறேன் என்று வந்து, சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூஷனை இறக்கையில் பூசினேன். பூசிய இடமெல்லாம் ரெஜிபோம் கொதித்துப் பள்ளமாக உருகியது. நீ உருகிய இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, வேறு துண்டு வைத்து, பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசையால் ஒட்டினாய். இறக்கையை அடியில் இரண்டு விரலால் தாங்கிப் பிடித்து, மூக்கும் வாலும் சரிசமமாக நிற்கும்வரை பற்றரியை அரை அங்குலம் முன்னே, கால் அங்குலம் பின்னே என்று நகர்த்திக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

பறக்கவிட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். அறுவடை முடிந்த வயல். மணியண்ணையின் மொறிஸ் மைனர் காரை வரம்பு வரை கொண்டுவந்து, அதன் பற்றரியிலிருந்து வயர் எடுத்து விமானத்தின் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினோம். கால் மணித்தியாலம் ஏற்றினால் ஐந்து நிமிஷம் பறக்கும் என்றாய். ஊர்ச்சனம் இருபது பேர் கூடிவிட்டார்கள். நீ அனுப்பியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாய். நான் அதைக் கழற்றிக் குகனின் கழுத்தில் போட்டேன். அவனே, "அவள் விடட்டும் அப்பா" என்றான். ஊரார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் அப்போது என் தலைக்குள் இருந்தது. "உன்ரை பேரிலை வந்தது, நீதான் விடவேணும்" என்றேன்.

நீ ஓடிப்போய்க் கையால் எறிந்தாய். அது எழும்பியது, வதனி. பனைகளுக்கு மேலே போய் வெயிலில் மினுங்கியது. சனம் ஓவென்று கத்தியது. பிறகு குகன் அதைத் திருப்பினான். அது எங்களைப் பார்த்து வரத் தொடங்கியது.

"அண்ணை, இப்ப இடம் வலம் மாறும்! உங்களைப் பாத்து வருது, மறுபக்கம் திருப்புங்கோ, மறுபக்கம்!"

அவன் பதறிப்போய்ப் பழக்கமான பக்கமே திருப்பினான். விமானம் சுழன்று வந்து வேலியில் குத்தியது. காற்றாடி முறிந்து, மூக்கு நசுங்கி, ஒரு இறக்கை இரண்டாகப் போயிற்று. திரும்பி வரும்போது நீ துண்டுகளைப் பாவாடையில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாய். குகன் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். கேட்க வேண்டிய நான் மணியண்ணையோடு மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தேன்.

நீ அதை மறுபடி ஒட்டி முடித்தாய். ஆனால் அதற்குள் காலம் கெட்டுவிட்டது. சண்டை வந்தது, கோயிலில் அகதியாய்க் கிடந்தோம், திரும்பி வந்தோம். விமானம் உன் கட்டிலுக்குக் கீழே இருந்தது. அனுப்பியை மட்டும் ஈரம் படாமல் அலுமாரிக்கு மேலே துணியில் சுற்றி வைத்திருந்தாய். அது அங்கே இருப்பது எனக்கும் தெரியும். அதை இப்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு பழியை உன்மேல் போட்டபோது நான் தெரியாதவன் போல நடந்துகொண்டேன்.

சுற்றிவளைப்பு நடந்த அந்தக் காலை, இந்திய ராணுவத்தார் ஆறு பேர் வீட்டுக்குள் வந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியும்; அதிகாரி கேட்பதை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். அலுமாரிக்கு மேலே கை விட்ட சிப்பாய் துணியை அவிழ்த்தான். பெட்டி, இரண்டு தடி, நீள ஏரியல். உடனே எல்லாத் துவக்குகளும் எங்களைப் பார்த்துத் திரும்பின.

"இது யாருதுய்யா?"

என் நாக்கு என்னைக் கேட்கவில்லை. "மகன்ரை. மகன்ரை பேரிலைதான் வந்தது" என்றேன்.

அவ்வளவுதான். குகனை முற்றத்துக்கு இழுத்து முழங்காலில் இருத்தினார்கள். அவனுக்குப் பதினெட்டு வயது. அந்த வயதுப் பெடியன்களைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். இது எதை இயக்கும் என்று கேட்டார்கள். "தெரியாது" என்றான். இந்தத் தடி எதுக்கு? "தெரியாது." யார் கொடுத்தது, யாரோடு பேசுவாய்? "தெரியாது." ஒவ்வொரு தெரியாதுக்கும் ஒரு அறை விழுந்தது. உதடு வெடித்துச் சேட்டில் இரத்தம் ஒழுகியது. அம்மா அந்த அதிகாரியின் காலைப் பிடிக்கப் போனா. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நீ விமானத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாய். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல்.

"அது என்ரை. அண்ணைக்கு ஒண்டும் தெரியாது. என்னட்டைக் கேளுங்கோ."

நிலத்தில் இருந்து, இறக்கையைக் கட்டியிருந்த ரப்பரை அவிழ்த்து, பாகம் பாகமாக அவர்கள் முன்னால் வைத்தாய். இது மோட்டார், இது காற்றாடி, இது வாங்கி. வாலுக்குப் போகிற கம்பியை விரலால் தள்ளிச் சுக்கானைத் திருப்பிக் காட்டினாய். விமானத்தின் பற்றரி செத்துப்போயிருந்தது. தமிழ் தெரிந்தவரிடம், "உங்கடை ரோச் லைற் பற்றரி இரண்டைத் தாறியளோ?" என்று கேட்டாய். அவர் அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றித் தந்தார். வயரைத் தொடுத்தாய். காற்றாடி சுழன்றது. சுற்றி நின்றவர்களில் ஒருவன் சின்னப்பிள்ளை போல முன்னுக்குக் குனிந்ததை நான் கண்டேன்.

அதிகாரி அனுப்பியைத் தூக்கினார். இது வயர்லெஸ்தானே, இதில் யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

"அதிலை கதைக்கேலாது சேர். வாய் வைச்சுக் கதைக்க இடம் எங்கை இருக்குது, பாருங்கோ. கேக்கிறதுக்கும் ஒண்டுமில்லை. இந்த இரண்டு தடியும் அசைஞ்சால் வாலிலை இரண்டு தட்டு அசையும். அதுக்கு வேறை ஒண்டும் தெரியாது."

அவர் பெட்டியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். நீ சொன்ன இடத்தில் ஒன்றும் இல்லை. பிறகு அவர் கேட்ட கேள்வி குண்டை மனதில் வைத்துத்தான் என்று எனக்கு விளங்கியது. தமிழ் தெரிந்தவரும் அதைச் சொல்வதற்கு முன் ஒருதரம் தயங்கினார்.

"இது எவ்வளவு வெயிட் தூக்கும்மா?"

"தன்னைத் தூக்கவே கஷ்டப்படும் சேர். இந்தப் பற்றரிதான் இதிலை ஆகப் பாரம். அதை விரலளவு தள்ளி வைச்சாலே மூக்குக் குத்தி விழுந்திடும்" என்று சொல்லி, இறக்கையைக் கொழுவி, இரண்டு விரலில் தாங்கிப் பிடித்து, அதில் ஒரு ரோச் பற்றரியை வைத்தாய். விமானம் ஒரு பக்கம் சரிந்தது.

அதிகாரி உன்னிடம் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். ஒன்பது என்றாய். குகனை எழுப்பி விடச் சொன்னார். அனுப்பியை மட்டும் எடுத்துக்கொண்டார். இது இந்த வீட்டில் இருந்தால் உங்களுக்குத்தான் ஆபத்து, அடுத்து வருகிறவர் விளக்கம் கேட்க மாட்டார் என்று சொல்லச் சொன்னார். அவர் ஏரியலை உள்ளே தள்ளியபோது நீ சொன்னாய்: "மெல்லத் தள்ளுங்கோ சேர். வளைஞ்சிடும்." அவர் மெல்லத்தான் தள்ளினார்.

பிள்ளை, அவர்கள் படலையைத் தாண்டிப் போன பிறகு நடந்ததை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உன்னைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "எல்லாம் உன்னாலை வந்த வினை! பொம்பிளைப்பிள்ளைக்கு என்னத்துக்கடி உந்த விளையாட்டு?" என்று ஊருக்கே கேட்கக் கத்தினேன். கையையும் ஓங்கினேன். குகன் இரத்தம் வடிகிற வாயோடு குறுக்கே வந்து நின்றதால் அது உன்மேல் விழவில்லை. அடுத்த நாள் கிணற்றடிக்குப் பின்னால் விமானத்தைப் போட்டுக் கொளுத்தினேன். ரெஜிபோம் கறுப்புப் புகையாய் எரிந்தது. கொப்பியை நான் கேட்கவில்லை. நீயாகவே கொண்டுவந்து நெருப்பில் போட்டுவிட்டு, வாளியை எடுத்துத் தண்ணீர் அள்ளப் போனாய்.

அந்த வருடமே குகனைச் சித்தப்பாவிடம் அனுப்பிவிட்டேன். உன்னை வீட்டோடு வைத்தேன். கணிதம் படிக்க நல்லூரில் ரியூசன் இருக்கிறது என்று அம்மா சொன்னா; சைக்கிளில் அவ்வளவு தூரம் வேண்டாம் என்று நான் தடுத்தேன். நீ கலைப்பிரிவு எடுத்தாய். கரண்ட் இல்லாத வருடங்களில் ஊரெல்லாம் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டபோது, அடுத்த வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டு வயர் கொழுவச் சொன்னேன். நீ அரிசி புடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் போன பிறகு ரேடியோ கரகரத்தது. நீ போய் இரண்டு வயரைக் கழற்றி மாற்றிவிட்டுப் பழையபடி சுளகை எடுத்தாய். நான் அதைக் கண்டேன், காணாதவன் மாதிரி இருந்தேன். கனடா மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டபோதும், அடக்கமான பிள்ளை, நன்றாகச் சமைப்பாள் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

நீ போன நாலாம் நாள் குகனின் கடிதம் வந்தது. உன் கலியாணத்துக்கு வர முடியாத கவலையில் பழையதெல்லாம் எழுதியிருக்கிறான். அவன் எழுதியதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "அப்பா, அண்டைக்கு முற்றத்திலை எனக்கு ஒண்டும் தெரியாமல் அடி வாங்கினனான் எண்டு நீங்கள் இப்பவும் நினைச்சுக்கொண்டு இருக்கிறியள். அவள் எனக்கு ஒவ்வொரு பின்னேரமும் காது புளிக்கச் சொல்லித் தந்தவள். நான் ஒரு பேரைச் சரியாச் சொல்லியிருந்தால், ஆர் பூட்டினது எண்டு அடுத்த கேள்வி வரும். தங்கச்சியைக் காட்டவேண்டி வரும். அதுதான் தெரியாது எண்டனான். அவள் ஏன் வெளியிலை வந்தவள் எண்டு எனக்கு இண்டைக்கும் கோவம்."

இதைப் பத்துத் தரமாவது படித்திருப்பேன். அன்று முற்றத்தில் அம்மாவை விட்டால் நாங்கள் மூன்று பேர். அவன் உன்னை மறைத்துக்கொண்டு அடி வாங்கினான். நீ அவனை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தாய். கேட்ட முதல் கேள்விக்கே பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். அந்த வெட்கத்தைத் தாங்க முடியாமல்தான் உன்மேல் கத்தினேன். உன்னால்தான் என் மகன் இன்று உயிரோடிருக்கிறான் என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நடந்ததையெல்லாம் அதில் எழுதியிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை, முதலில் நீ படி, பிறகு கொடு. அவர் நல்ல மனிதர் என்றுதான் கேள்விப்படுகிறேன். உனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று அவரிடம் சொல். கனடா போய்ப் படிக்க வேண்டுமென்றால் கேள். யாரும் உன்மேல் சத்தம் போட்டால், அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பார். அதற்காகப் பேசாமல் இருந்துவிடாதே. நீ பேசாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அவ்வளவு நாளும் அதை நான் பணிவு என்று நினைத்துக்கொண்டேன்.

கொழும்பில் ரெலிபோன் இருக்கிறது. குகன் உனக்கு எடுப்பான். இரண்டு பேரும் இதைக் கதையுங்கள். அவன் கோபப்பட்டால் படட்டும், நீயும் திருப்பிக் கோபப்படு. என்னை மன்னித்தேன் என்று நீ எழுத வேண்டாம். கலியாணம் முடிந்த பிறகு, நேரம் கிடைக்கும்போது, அந்தப் பாகங்களின் பெயர்களை மட்டும் ஒரு கடதாசியில் எழுதி அனுப்பு. எனக்கு இரண்டு மூன்று மறந்துவிட்டது.

அப்பா